கணக்கில் சேராத ஏற்றம்

சிவனொளிபாத மலையின் உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. தாம் எத்தனையாவது தடவையாக அம்மலையை ஏறியிருக்கின்றனரோ அத்தனை தடவை அம்மணியை அடிப்பது யாத்திரிகரின் வழக்கம். முதன்முறை வந்தவர் ஒரு தடவை அடித்துவிட்டுச் சற்று வெட்கத்துடன் விலகுவார். தலை நரைத்த கிழவர் ஒருவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு இருபத்தேழு தடவை அடித்ததை ஒரு விடியற்காலையில் நான் நின்று எண்ணியிருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் அவரை நோக்கிக் கைகூப்பினார்கள்.

அந்த மணியைப் பற்றியும், பலநூறு தடவை அம்மலையை ஏறியும் அதனை ஒருமுறைகூட அடிக்காத ஒரு மனிதரைப் பற்றியும் எழுதவேண்டுமென்று நெடுங்காலமாக எண்ணியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனா நின்றுவிட்டது. அந்த மனிதர் என் தந்தை. பேனா நின்றதற்குக் காரணம் அவரல்லர், நான்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் அதுவன்று. பீதுருதாலகாலை அதனினும் உயர்ந்தது. ஆயினும் அயலிலுள்ள மலைகளைவிட்டுத் தனித்துக் கூம்பி நிற்பதால், மேற்குக் கடல்வழியாக வந்த பழங்கால மாலுமிகள் கரையை அறிவதற்கு இதனையே அடையாளமாகக் கொண்டனர். வானம் தெளிந்த காலைகளில் உச்சியில் நின்றால் நமக்கும் அந்தக் கடல் தெரியும். அங்குள்ள பாறைச் சுவட்டைச் சைவர் சிவபெருமானின் பாதம் என்பர். பௌத்தர் புத்தரின் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதி மனிதராகிய ஆதமின் பாதம் என்பர். கிறிஸ்தவருள் சிலர் புனித தோமையாரின் பாதம் என்பர். அது யாருடைய பாதமென்று வழக்காட நான் வரவில்லை. நான் பேச வந்தது வேறு பாதங்களைப் பற்றி.

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையோடு முடிகிறது. சென்ற பருவத்தில், நான் முன்பு கற்பித்த பாடசாலையின் உயர்தர மாணவர் நால்வர் என்னை மலைக்கு அழைத்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மாணவர் அழைப்பைவிட வேறு கௌரவம் ஏது? முழங்கால் வலியையும் மறந்து சம்மதித்தேன்.

நால்வரில் ஒருத்தி ஓட்டக்காரி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். அவளுக்கு மைதானம் கிடையாது. ஸ்டோருக்குச் செல்லும் லொறிப் பாதையிலும், தேயிலை நிரைகளுக்கு இடையிலுள்ள குறுக்குப் பாதைகளிலும் ஓடியே பழகியவள். மாகாணப் போட்டியில் அவள் ஓடுவதற்காக ஆசிரியர்கள் காசு சேர்த்து ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இவ்வாறு மலைப்பாதையில் ஓடுவது இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாகப் பரவியிருக்கிறது என்றும், அதற்கெனத் தனிச் சப்பாத்தும் கைக்கடிகாரமும் உண்டென்றும் அவள் எனக்கு விளக்கினாள். "நாங்க சும்மா ஓடுறதுக்கு அவங்க ஒரு பேர் வச்சிருக்காங்க, சேர்" என்று சிரித்தாள்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் நாங்கள் காத்து நின்றபோது ஊன்றுகோலும் முதுகுப்பையுமாக வெளிநாட்டார் இருவர் வந்து நின்றனர். பெக்கோ நடைவழியில் செல்பவர்கள். தேயிலை நாட்டின் பழைய பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்நடைவழியை அண்மைக் காலத்தில் அமைத்திருக்கிறார்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துரை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று சென்று, ஊவாப் பக்கம் சுற்றி, நுவரெலியாவை அடைகிறது. அதனைக் குறைகூற நான் விரும்பவில்லை. நடப்பதற்காக ஒருவன் கடல்கடந்து வருகிறான் என்றால் அது நல்ல செய்தியே. வழியோரத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அதனால் நாலு காசு கிடைப்பதும் உண்மை. ஆனால் அவ்விருவரில் ஒருவர் கையிலிருந்த படத்தைக் காட்டி, "இந்தப் பாதைகளை யார் போட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தேயிலைத் தொழிலாளர்" என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லி முடியவில்லை என்ற உணர்வு மட்டும் என்னுடன் ஏறிக்கொண்டது.

நோர்வூட்டைக் கடந்து மஸ்கெலியாவை அடையுமுன் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வருகிறது. பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் அந்நீருக்கடியில் சென்றது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இடிந்த சுவர்களாக மேலே தெரியும். மக்கள் சென்று பார்த்துவிட்டு வருவார்கள். என் தாய் சந்தைக்கு நடந்த தெரு அந்நீருக்குள்ளேதான் கிடக்கிறது.

நல்லதண்ணியில் இரவு பத்து மணிக்கு இறங்கினோம். கடையொன்றில் பாய் விரித்துச் சற்று உறங்கி, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஹட்டன் வழியில் 5,000க்கு மேற்பட்ட படிகள். பருவகாலத்தில் பாதை நெடுக மின்விளக்கு எரியும். தூரத்துத் தோட்டங்களிலிருந்து பார்ப்பவர்க்கு மலையின்மீது ஒளிச்சரமொன்று சாத்தியதுபோல் தோன்றும். சிறுவயதில் எங்கள் லயத்து வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அப்பா இப்ப எந்த விளக்குக்கிட்ட இருப்பாரு?" என்று தாயைக் கேட்பேன்.

சீத கங்குலவின் குளிர்ந்த ஓடையில் முகம் கழுவியதும் அந்தப் பெண் பொறுமையிழந்தாள். "சேர், நான் கொஞ்சம் ஓடிப் பார்க்கவா?" என்றாள். அவளுடைய அண்ணனும் கூட இருந்ததால் சம்மதித்தேன். விளக்கிலிருந்து விளக்குக்குத் தாவும் ஒரு நிழலைப்போல அவள் மேலே சென்று மறைந்தாள். நாங்கள் படிக்கொரு மூச்சாக ஏறினோம். இறங்கி வந்த சிங்கள யாத்திரிகர், வழக்கம்போல், "கருணாவை" என்று எங்களை வாழ்த்திச் சென்றனர். கைக்குழந்தையைத் தோளில் போட்டவர், எண்பது வயதுத் தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டு செல்பவர், முதன்முறை வந்த பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் ஒரே படியில் ஒரே மூச்சு வாங்கினர். நாட்டில் வேறெங்கும் காணாத ஒரு சமத்துவம் அப்படிகளில் உண்டென்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்ததுண்டு.

ஆனால் அதே படிகளில் வேறொரு வரிசையும் ஏறுகிறது. தேநீர்க் கடைகளுக்கு மாவும் சீனியும், சோடாப் போத்தல்களும், எரிவாயு உருளைகளும் தாமாக மேலே போவதில்லை. அவற்றை நாட்டாமிகள் தலையிலும் தோளிலும் சுமந்து ஏற்றுகின்றனர். படி பழுதுபார்க்கச் சீமெந்தும் அவ்வாறே போகிறது. அவர்களுட் பலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆண்கள். யாத்திரிகர் ஓய்வெடுக்கும் இடங்களில் அவர்கள் ஓய்வெடுப்பதில்லை. சுமையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும்.

இது இன்று நேற்றைய வரிசையுமன்று. 1344ஆம் ஆண்டில் இம்மலையைக் காண மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா வந்தார். ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், அதைச் சுமக்க அடிமைகளும், துணைக்கு யோகிகளும் பிராமணரும், உணவுப் பொருள் சுமக்க 15 பேரும் கொடுத்தனுப்பினான் என்று அவரே தம் பயண நூலில் கூறுகிறார். ஏறிய பாதையையும் பாறையில் பூட்டிய சங்கிலிகளையும் விரிவாக எழுதிய அவர், அந்த 15 பேரில் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. 600 ஆண்டுக்குப் பின், 1953இல், எவரெஸ்ட் உச்சியை இருவர் அடைந்தபோது, அவர்களுடைய குழுவின் மூட்டைகளை மலையடிவாரம்வரை சுமந்து வந்தவர் 350க்கு மேற்பட்டோர். அவர்களுடைய பெயர்களை இன்று யார் அறிவார்? இருவரில் ஒருவராகிய டென்சிங்கும் சுமைதூக்கியாகத் தொடங்கியவரே என்பது ஒன்றே ஆறுதல்.

பாதி தூரத்தில் நான் ஒரு பாறைமீது அமர்ந்திருந்தபோது அந்தப் பெண் மேலிருந்து இறங்கி வந்தாள். உச்சியைத் தொட்டுவிட்டாளாம். "நீங்க எல்லாரும் வராம நான் தனியா நின்னு என்ன செய்ய, சேர்? மறுபடியும் உங்களோட ஏறுறேன்" என்றாள். பின் ஒரு கணம் யோசித்து, "அப்ப இன்னைக்கு நான் ரெண்டு தடவை ஏறினதாகுது. மணியை ஒரு தடவை அடிக்கிறதா, ரெண்டு தடவை அடிக்கிறதா?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாத கதையை அப்பாறைமீது அமர்ந்து அவர்களுக்குச் சொன்னேன்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் நிலவியது. அரிசியும் மாவும் அரிதாயின; வேலை நாட்கள் குறைந்தன. பட்டினியால் மக்கள் மாண்ட காலம் அது. எங்கள் வீட்டில் ஐந்து வயிறுகள். என் தந்தை பருவகாலத்தில் நல்லதண்ணிக்குச் சென்று மூட்டை தூக்கத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆறு மாதம், வாரத்தில் பல நாட்கள், தோட்டத்தில் பேர் கிடைக்காத நாளெல்லாம் மலையேறினார். ஏற்றிய பாரத்துக்குக் கூலி. அந்தக் கூலியில்தான் நான் ஹட்டனில் தங்கிப் படித்தேன்.

1975ஆம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. வகுப்பு நண்பர்களுடன் நானும் யாத்திரை வந்தேன். கடைக்காரர் பிள்ளைகளும் கிளாக்கர் பிள்ளைகளுமாக அவர்கள். அவர்களிடம் என் தந்தை தோட்டத்தில் "கணக்கு வேலை" பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பாதி மலையில், ஏறக்குறைய அந்தப் பாறையண்டை, கீழிருந்து "ஓரம், ஓரம்" என்ற குரல் கேட்டது. சுமை வரிசை. மூன்றாவதாக வந்தவர், தலையில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் மா மூட்டையை ஏற்றிக் கழுத்து நரம்பு புடைக்க வந்தவர், என் தந்தை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் என் நண்பர்களைக் கண்டார். என் முகத்தையும் கண்டிருக்க வேண்டும். மலர்ந்த முகம் தாழ்ந்தது. "ஓரம், ஓரம்" என்று, யாரோ ஒருவனிடம் சொல்வதைப்போல என்னிடமும் சொல்லிக் கடந்தார்.

"அந்தக் கூலியாள் உன்னைப் பார்த்துச் சிரித்தானே, தெரிந்தவனா?" என்று ஒரு நண்பன் கேட்டான்.

"இல்லை" என்றேன்.

அன்று உச்சியில் நான் ஒரு தடவை மணி அடித்தேன். விடுமுறைக்கு லயத்துக்குச் சென்றபோது தந்தை அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. "மலை நல்லா ஏறுனியா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். சாகும்வரை அவர் அந்நாளைக் குறித்து வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவர் கிழவரான பின் ஒருநாள், வேறெதையோ பேசுவதுபோல, "நீங்க எத்தனை தடவை மணி அடிச்சிருக்கீங்க அப்பா?" என்று கேட்டேன். "ஒரு தடவைகூட இல்ல தம்பி. அது சம்பளத்துக்கு ஏறுனது. அதுக்கெல்லாம் மணி அடிக்கப்படாது" என்றார்.

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து நடந்தோம். "சம்பளத்துக்கு ஏறியது கணக்கில் சேராது" என்ற அந்த நீதி என் தந்தை தாமாக உண்டாக்கியதன்று. அது அவருக்குக் கற்பிக்கப்பட்ட நீதி. எங்கள் மக்களின் வரலாறு முழுவதிலும் அந்நீதியே ஓடுகிறது என்பதை அந்த ஏற்றத்தில் நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் முன்னோர் இம்மலைநாட்டுக்கு நடந்து வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும், வாந்திபேதியாலும், காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். மாண்டோரின் தொகையைப் பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். ஏற்றுமதியான கோப்பியின் தொகையைப் பற்றி அத்தகைய வாதம் இல்லை. அது ஆண்டுதோறும் ஒழுங்காக அச்சிடப்பட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூலில் கற்பித்தேன். அந்த 19 ஏக்கரைக் கொத்திப் பண்படுத்தியவர் ஒருவருடைய பெயரையும் என்னால் கற்பிக்க முடியவில்லை.

எங்களை எண்ணவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்ணினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வந்திறங்கிய தொழிலாளிக்கு எண் பொறித்த தகரத்துண்டு மாட்டினார்கள். அவனைக் கொண்டுவந்த செலவை எந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதுவது என்று அறிவதற்காக. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் அமர்ந்து மறுபடி எண்ணினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். என் சிற்றப்பா குடும்பம் அக்கணக்கில் அந்தப் பக்கம் விழுந்தது. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. செலவெழுதவும் பங்கு பிரிக்கவும் எண்ணப்பட்டோம். நடந்ததற்கும் சுமந்ததற்கும் யாரும் எங்களை எண்ணவில்லை.

நாம் நடந்து உண்டாக்கிய பாதையில் நாம் விரும்பியபடி நடக்கும் உரிமையும் நமக்கு இருக்கவில்லை. தோட்டத்தின் எல்லைக்குள் வெளியார் வருவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிலாளரின் நிலையறிய கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டு உள்ளே நுழைய வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார்; 1937இல் அவரை நாடுகடத்த ஆணை பிறந்தது; உயர் நீதிமன்றம் தலையிட்டு அவரை விடுவித்தது. லூல்கந்துரை அமைந்த அதே ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். சங்கம் வைப்பதற்கும், கூட்டத்துக்கு நடந்து செல்வதற்கும் கொடுத்த விலை அது.

இங்கிலாந்திலும் இதனையொத்த வழக்கொன்று உண்டு. மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைவெளியில் நடந்து திரிவது ஒன்றே இன்பம். மலைவெளிகளோ பிரபுக்களின் வேட்டைநிலங்கள். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பெனி ரொத்மன் என்ற இளந்தொழிலாளியின் தலைமையில், பலநூறு பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலைமீது ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். பின்னாளில் அந்நாட்டில் மக்கள் நடப்பதற்கான உரிமைச் சட்டங்கள் பிறந்ததற்கு அந்த ஏற்றமும் ஒரு காரணமாயிற்று. அவர்கள் மலையில் இளைப்பாறிக் குடித்த தேநீரில் எங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்தும் இருந்திருக்கலாம். அவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறியவில்லை.

நம்மவரும் ஒருமுறை கணக்குத் தீர்க்க நடந்தார்கள். மலையகத்துக்கு 200 ஆண்டு நிறைந்ததையொட்டி, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பாதயாத்திரை ஒன்று நடைபெற்றது. முன்னோர் நடந்த வழியையே அவர்கள் பின்பற்றினார்கள். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். வழியில் வீழ்ந்தவர்களுக்காக முதன்முறையாக ஒரு மக்கட்கூட்டம் அதே மண்ணில் நின்று தலைவணங்கியதாகவே எனக்குப் பட்டது. நிலமும் வீடும் நியாயமான ஊதியமும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அக்கோரிக்கைகள் இன்றும் கோரிக்கைகளாகவே நிற்கின்றன.

இவற்றை நான் பேசிக்கொண்டே ஏறியபோது ஓட்டக்காரி இடைமறித்தாள். "சேர், நான் ஒண்ணு செஞ்சேன்" என்றாள். தூரத்தை அளக்கும் வசதி அவளுடைய கைத்தொலைபேசியில் உண்டு. ஓடிப் பழகுவதற்காக வைத்திருக்கிறாள். ஒருநாள் அதனைத் தன் தாயின் இடுப்புப் படங்குக்குள் வைத்துக் கட்டி அனுப்பினாளாம். காலையில் லயத்திலிருந்து பெரட்டுக்களம், அங்கிருந்து மலை, நிரை நிரையாக ஏறி இறங்கியது, கூடை நிறைந்ததும் நிறுவைக்கு, மறுபடி மலை, மாலையில் கடைசி நிறுவை, பிறகு விறகு பொறுக்கிக்கொண்டு வீடு. "நான் பயிற்சிக்கு ஓடுற தூரத்தை விடக் கூடுதல், சேர். அதுவும் முதுகுல கூடையோட. அட்டை கடிக்க, மழையில." அவள் தாயிடம் அதைக் காட்டினாளாம். தாய் சிரித்துவிட்டு, "அது வேலைடி. ஓட்டமா?" என்றாளாம்.

என் தந்தையின் சொல்லே வேறு வாயிலிருந்து வந்தது. தோட்டத்தில் கொழுந்துக்கு எடை உண்டு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் குறித்த அளவில் சற்றுக் குறைந்தாலும் அரைப்பேர் போடுவார்கள். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பார்கள். கழிப்பதற்கு இத்தனை கணக்கு வைத்திருப்பவர்கள், அந்தக் கொழுந்தைத் தேடி ஒரு பெண் நடந்த தூரத்துக்கு ஒரு கணக்கும் வைக்கவில்லை. நாட்கூலி 1,000 ரூபா வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது சட்டப்படி கிடைத்தது. அதற்குள் பொருள் விலை அதனை விழுங்கிவிட்டது. 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் நிலைமை அதுவே. இன்னும் பல குடும்பங்களுக்குத் தாம் குடியிருக்கும் நிலத்தில் உறுதி கிடையாது. கடிதம் வந்து சேர ஒரு சொந்த விலாசமும் கிடையாது. எந்தப் பாதை எங்கே போகிறதென்று வெளிநாட்டாரின் படத்தில் துல்லியமாகக் குறித்திருக்கிறது. அப்பாதையோரத்து லயத்தில் யார் குடியிருக்கிறார் என்பது தபாற்காரருக்கும் தெரியாது.

விடியுமுன் உச்சியை அடைந்தோம். கிழக்கே சிவந்தது. சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாகப் பனிமூட்டத்தின்மீது விழுந்தது. எத்தனை முறை கண்டாலும் அலுக்காத காட்சி. கீழே, சிறு சிறு கட்டங்களாகத் தேயிலை மலைகள். அந்நேரத்தில் அங்கே பெரட்டு தொடங்கியிருக்கும்.

மணியடியில் வரிசை. எனக்கு முன் நின்ற ஓட்டக்காரி கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை அடித்தாள். அவளுடைய அண்ணன், "ஒரே நாள்தானே, ஒண்ணுதான் அடிக்கணும்" என்றான். "கால் ஏறுனது ஏறுனதுதான்" என்றாள் அவள். "எதுக்கு ஏறுனோம்னு காலுக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்து, "சேர், உங்க அப்பாவுக்கும் சேர்த்து அடிங்க" என்றாள்.

அது எனக்கு ஐந்தாவது ஏற்றம். ஐந்து தடவை அடித்தேன். கயிற்றை விடவில்லை. தந்தைக்கு எத்தனை தடவை அடிப்பது? ஆறு மாதம், வாரத்துக்கு நாலு நாள், எட்டோ ஒன்பதோ ஆண்டுகள் என்று மனம் பெருக்கத் தொடங்கியது. பின்னால் நின்ற கிழவி ஒருத்தி பொறுமையாகக் காத்திருந்தாள். ஒருநாள் "இல்லை" என்று சொன்ன வாயுடைய நான், அவருடைய எண்ணிக்கையை ஊகித்து அடித்துப் பாரத்தை இறக்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்று தோன்றியது. கயிற்றைக் கிழவியிடம் கொடுத்துவிட்டு விலகினேன்.

இறங்கும்போது சுமை வரிசையொன்று எதிர்ப்பட்டது. "ஓரம், ஓரம்." மாணவர் ஒதுங்கினர். முன்னால் வந்த இளைஞன் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளை அடுக்கிச் சுமந்திருந்தான். எங்கள் ஓட்டக்காரி அவனைக் கண்டதும், "அண்ணே, நம்ம பணிய லயத்து அண்ணன் தானே?" என்று உரக்கக் கேட்டாள். படியெங்கும் யாத்திரிகர், அவளுக்கு வெட்கமில்லை. "ஆமா பிள்ளை. ஓட வந்தியா?" என்று மூச்சுக்கிடையே கேட்டுக்கொண்டு அவன் கடந்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு 1975இல் முடியவில்லை. இவளுக்கு முடிந்தது. ஐம்பது ஆண்டுகளில் எங்கள் சமுதாயம் எதையேனும் சாதித்திருந்தால் அதில் இதுவும் ஒன்று.

இவ்வேட்டைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பில் கணிதம் கற்பிக்கும்போது, ரயில் வண்டி இரண்டு நகரங்களுக்கிடையே ஓடும் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் தாய் தந்தையர் ஒரு நாளில் நடக்கும் தூரத்தை அளந்துவரச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளை கொழுந்து மலையை அளக்கட்டும். நகரத்துப் பிள்ளை சந்தையில் மூட்டை தூக்கும் தந்தையின் நடையை அளக்கட்டும். அதனை மாதத்தாலும் ஆண்டாலும் பெருக்கட்டும். அந்த எண்ணைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதட்டும். அதற்குமேல் நீங்கள் விளக்கம் கூறத் தேவையிருக்காது. மாணவ நண்பர்களே, யாரேனும் உங்களிடம் "தெரிந்தவரா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

நல்லதண்ணியில் பஸ்ஸுக்காக நின்றபோது அந்தப் பெண் சப்பாத்தைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். "உங்க அப்பா பேர் என்ன, சேர்?" என்று கேட்டாள். சொன்னேன். கைத்தொலைபேசியில் அன்றைய ஓட்டத்தின் தூரத்தைக் குறித்திருந்த இடத்தில், அதற்குப் பக்கத்தில், அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.